மறுபக்கம் எப்படி இருக்கும்?

காஞ்சிபுரத்தில் ஒரு புதுக் கரை தறியில் பிறப்பதில்லை. கட்டம் போட்ட காகிதத்தில் பிறக்கிறது!

வீட்டில் கல்யாணம். பட்டு எடுக்கப் போகிறீர்கள். "இந்த அன்னப்பட்சி நல்லாருக்கு... அந்த யாளி வேண்டாம்... கோபுரக் கரையில வேற கலர் இருக்கா?" என்று கடைக்காரரை ஒரு மணி நேரம் பாடாய்ப்படுத்துகிறீர்கள் அல்லவா? நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த அன்னப்பட்சி முதலில் ஒரு கிராஃப் தாளில், பென்சிலால் அடைத்த குட்டிக் குட்டிக் கட்டங்களாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். ஊடை நூல் குறுக்கே ஒரு தடவை போய்வர ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கில் அட்டைகள் அடித்து, வரிசை மாறாமல் கோத்து, தறியின் தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் அன்னப்பட்சி பட்டில் நீந்த ஆரம்பிக்கும்.

ஆகவே, யாராவது ஏதாவது குறை சொல்ல விரும்பினால் காகிதத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "மூக்கு கொஞ்சம் நீளமா இருக்கே" என்று இப்போது சொன்னால், ரப்பர் எடுத்து அழித்துவிடலாம். அட்டை அடித்தபின் சொன்னால்? டிசைனர் தன் தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும்!

அதனால் அந்தக் காகிதத்தைப் பலர் பார்ப்பார்கள். கடை முதலாளி பார்ப்பார். அவர் கவலை, விற்குமா என்பது. தறியில் உட்காரப்போகிறவர் பார்ப்பார். அவர் கவலை, ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் ஓடும் என்பது. தார் சுற்றும் வீட்டம்மாகூட எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். ஒரே படத்தைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி! எல்லாமே நியாயமான கேள்விதான்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது புடவை இல்லை. இன்றைக்கு கம்பெனிகள் 'லோகோவை மாற்றுகிறோம், கருத்துச் சொல்லுங்கள்' என்கிறார்களே... அந்த விஷயம்! ஒரு சின்னத்தை மாற்றும்போது யாரைக் கேட்பது, என்ன கேட்பது, யார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது? நம் சரித்திரத்தில் இது சாதாரண விவகாரமாக இருந்ததில்லை. அடிதடி, உண்ணாவிரதம், உயிர்ப்பலி வரை போயிருக்கிறது.

ராஜாக்கள் காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. காஞ்சியை ஆண்ட பல்லவர்களின் சின்னம் காளை. செப்பேடுகளைக் கோத்த வளையத்தில், முத்திரையில், காசில் எல்லாம் காளைதான். மன்னர் முடிவு பண்ணினார், காளை படுத்தது. அவ்வளவுதான். சோழர்கள் இன்னும் ஒரு படி மேலே! ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் புலி. கூடவே பாண்டியனின் மீன் இரண்டு. சேரனின் வில். தோற்றவனின் லோகோவைத் தூக்கித் தன் லோகோவுக்குள் போட்டுக்கொண்டான் ஜெயித்தவன். இன்றைக்கு ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கினால் இதைத்தானே செய்கிறது? பாண்டியனிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க வாய்ப்பில்லை!

கேட்டே ஆகவேண்டும் என்ற நிலைமை, ராஜாக்கள் போய் ஜனங்கள் வந்த பிறகுதான் வந்தது. அப்படி இந்த நாட்டில் ஒரு சின்னத்துக்காக மிக அதிகமாகக் கருத்துக் கேட்கப்பட்டது நம்முடைய தேசியக் கொடிக்குத்தான் என்பேன். 1921-ல் ஆரம்பித்து 1947 வரை... இருபத்தாறு வருஷம்!

1921. பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியிருந்தது. அங்கே காந்திஜியின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். பிங்கலி வெங்கய்யா. மசூலிப்பட்டினம் பக்கத்துக்காரர். இந்தியாவுக்குக் கொடி எப்படி இருக்கலாம் என்று 1916-லேயே ஒரு புத்தகம் போட்டவர். பருத்தி ஆராய்ச்சியிலும் ஆசாமி கில்லாடி. 'பத்தி வெங்கய்யா' என்றே ஊரில் பெயர். (தெலுங்கில் பத்தி என்றால் பருத்தி!) கொடியில் ராட்டை இருக்க வேண்டும் என்று யோசனை சொன்னவர் ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ். காந்திஜிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சிவப்பு, பச்சை இரண்டு பட்டை. மேலே ராட்டை. இப்படி வரைந்து தரச் சொன்னார். வெங்கய்யாவும் மளமளவென்று வரைந்துகொண்டு வந்துவிட்டார். ஆனால், கமிட்டி முன் வைப்பதற்கு நேரம் தாண்டிவிட்டது.

அந்தத் தாமதம் நல்லதாகப் போயிற்று என்று பிற்பாடு காந்திஜியே எழுதினார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு... சரி, மற்றவர்கள்? கிறிஸ்தவர், பார்சி, சீக்கியர்? அவர்களுக்காக வெள்ளை சேர்ந்தது. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு, மூன்றையும் தழுவிக்கொண்டு ஒரு பெரிய ராட்டை. (பல்கேரியக் கொடியிலும் இதே மூன்று நிறம், இதே வரிசை. நல்லவேளை, நம்மிடம் ராட்டை இருந்தது!)

படம் ரெடி. ஆனால், பாருங்கள்... காந்திஜி செய்த ஒரே ஒரு காரியம் அடுத்த பத்து வருஷத்துக்குத் தகராறை விலைக்கு வாங்கிக் கொடுத்தது. 'இந்த நிறம் இன்னாருக்கு' என்று அர்த்தம் சொல்லிவிட்டார்! அர்த்தம் சொன்னதும் கொடி, கொடியாக இல்லாமல் பாகப் பிரிவினைப் பத்திரமாகிவிட்டது. "எங்க பங்கு எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 'மற்றவர்கள்' என்ற கும்பலில் தங்களைச் சேர்த்தது சீக்கியர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் நிறமும் கொடியில் இடம்பெற வேண்டும் என்று 1929 லாகூர் காங்கிரஸ் சமயத்தில் வலுவாகவே கேட்டார்கள். காவி வேண்டும் என்றார்கள் சிலர். விஷ்ணுவின் கதை வேண்டும் என்றுகூட ஒரு யோசனை வந்தது!

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல வந்தவனைப் பேசவிடாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சிபுரமே ஒரு சாட்சி. 1925 நவம்பரில் அங்கே தமிழ் மாகாண காங்கிரஸ் மாநாடு. தலைமை திரு.வி.க. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்ற பெரியார் ஈ.வெ.ரா., வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தோடு வந்திருந்தார். தீர்மானம் அனுமதிக்கப்படவில்லை. மாநாட்டுப் பந்தலைவிட்டு மட்டுமல்ல, காங்கிரஸைவிட்டே பெரியார் வெளியேறினார். அதே காஞ்சியில் அப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பெயர் அண்ணாதுரை. அவரிடம் கடைசியில் வருவோம்.

கொடிச் சண்டை முற்றியதும் 1931 ஏப்ரலில் காங்கிரஸ் காரியக் கமிட்டி ஏழு பேர் கொண்ட கொடிக் கமிட்டியைப் போட்டது. படேல், நேரு, ஆசாத், சீக்கியர் தலைவர் மாஸ்டர் தாராசிங், காகா காலேல்கர், ஹர்திகர், பட்டாபி சீதாராமய்யா. அந்தக் கமிட்டி செய்த வேலையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இன்றைய விளம்பர ஏஜென்சிக்காரர்கள் பெரிதாகப் பேசிக்கொள்ளும் சமாசாரத்தை அன்றைக்கே செய்திருக்கிறார்கள். மாகாண கமிட்டிகளுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் போனது. கொடியின் வடிவம் பற்றி உங்கள் மாகாணத்தில் எந்தப் பிரிவினருக்காவது, கமிட்டி கவனிக்க வேண்டிய மனத்தாங்கல் உண்டா? கொடியை மக்களிடம் இன்னும் பிரபலமாக்க யோசனை உண்டா? இப்போதைய வடிவத்தில் சரிசெய்ய வேண்டிய குறை ஏதாவது உண்டா? இந்த மூன்றுதான்.

'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்ற கேள்வி அதில் இல்லை, கவனித்தீர்களா? அதைக் கேட்டால் முப்பது கோடிப் பேருக்கு முப்பது கோடிப் பதில் வரும்!

பதில்கள் வந்தன. ஏழு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். பட்டைகள் இருப்பதால்தானே பங்குச் சண்டை? பட்டையே வேண்டாம்! கொடி முழுக்க ஒரே நிறம், கேசரி. மேல் மூலையில் செம்பழுப்பு நிறத்தில் ராட்டை. தர்க்கப்படி பார்த்தால் குறையே சொல்ல முடியாத விடை. வந்த புகார் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருந்தது.

1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை!

ஏன்? ஒரே நிறம் என்றாலும் அதுவும் ஒரு சாராரின் நிறமாகத்தானே பார்க்கப்படும் என்ற கேள்வி ஒரு பக்கம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. அந்தப் பத்து வருஷத்தில் மூவர்ணம் வெறும் படமாக இல்லை. 1923-ல் நாகபுரியில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகவே கொடி சத்தியாகிரகம் நடந்தது. ஜனங்கள் சாரிசாரியாக ஜெயிலுக்குப் போனார்கள். அடிபட்டவன் கையில் இருந்த கொடியில் மூன்று நிறம் இருந்தது. அவனிடம் போய், "அப்பா, இனி ஒரு நிறம்தான்" என்றால்? கேள்வித்தாளில் இந்த மனநிலைக்கு இடமில்லை. யாருக்கெல்லாம் குறை உண்டு என்று கேட்டார்கள். யாருக்கெல்லாம் பாசம் உண்டு என்று கேட்கவில்லை.

கடைசியில் நடுவழி ஒன்று பிறந்தது. மூன்று பட்டை இருக்கட்டும், ஆனால் சிவப்புப் போய்க் காவி. வரிசையும் மாற்றம். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வெள்ளையில் கருநீல ராட்டை. முக்கியமாக, நிறங்களுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டார்கள். காவி என்றால் வீரமும் தியாகமும். வெள்ளை என்றால் உண்மையும் அமைதியும். பச்சை என்றால் நம்பிக்கையும் பெருந்தன்மையும். படத்தைவிட, படத்துக்கு அடியில் எழுதிய வாசகத்தைத் திருத்தியதுதான் பெரிய வேலை!

ஆகஸ்டு 30-ம் தேதி நாடு முழுக்கக் கொடி நாள் கொண்டாடினார்கள். சரியாக ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1932 ஜனவரி 10. திருப்பூர். கொடியை ஏந்தி ஊர்வலம் போன இளைஞனின் மண்டையில் போலீஸ் தடி இறங்கியது. கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது. குமரன் சென்னிமலைக்காரர். நெசவாளர் குடும்பம். தறியில் பிறந்தவர் கையில் இருந்தது ராட்டைக் கொடி. இதற்கு மேல் அந்தச் சின்னத்துக்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ராட்டையை 1947-ல் எடுத்தார்கள்.

கட்சிக் கொடி வேறு, நாட்டுக் கொடி வேறு. சுதந்திரம் வாசலில் நிற்கிறது. அரசியல் நிர்ணய சபை ஜூன் 23-ம் தேதி ஒரு கொடிக் குழுவை அமைத்தது. தலைவர் ராஜேந்திர பிரசாத். ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, கே.எம்.முன்ஷி, அம்பேத்கர் போன்றவர்கள் உறுப்பினர்கள். கையில் இருந்தது மூன்று வாரம்.

நடுவில் இன்னொரு டிசைனர் புகுந்தார். வேறு யாருமில்லை, வைஸ்ராய் மவுன்ட்பேட்டன்! இந்தியக் கொடி, பாகிஸ்தான் கொடி இரண்டின் மூலையிலும் பிரிட்டிஷ் யூனியன் ஜாக் குட்டியாக இருக்கட்டுமே என்று படம் போட்டே கொடுத்துவிட்டார். ஜின்னா மறுத்தார். பிறை பக்கத்தில் சிலுவை இருந்தால் முஸ்லிம்கள் மனம் ஏற்காது என்றார். நேருவும் மறுத்தார். வெள்ளைக்காரனுக்கு வளைந்து கொடுக்கிறோம் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்பது அவர் காரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், மூலையில் யூனியன் ஜாக் இருந்தால் என்ன தப்பு என்று கேட்ட பெரிய மனிதர் ஒருவர் இந்தியாவிலேயே இருந்தார். காந்திஜி! போகிறவர்களிடம் நமக்குப் பகை இல்லையே என்பது அவர் நினைப்பு.

ஆனால், ராட்டை விஷயத்தில் அவர் அவ்வளவு தாராளமாக இல்லை.

1947 ஜூலை 22. நேரு சபையில் கொடியை அறிமுகப்படுத்துகிறார். இரண்டு கொடிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று கதர்ப் பட்டு, மற்றொன்று கதர்ப் பருத்தி. மூன்று நிறம் அப்படியே. நடுவில் ராட்டைக்குப் பதில் அசோகரின் சாரநாத் தூணில் இருக்கும் சக்கரம். ஏன் இந்த மாற்றம்? அசோகர், தர்மம், உலக அமைதி என்று நேரு நிறையப் பேசினார். ஆனால், அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சாதாரண, நடைமுறைக் காரணத்தைச் சொன்னார் பாருங்கள்... அதைத்தான் நான் ரசித்தேன்.

ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறு பக்கம் கதிர். கொடியில் சக்கரம் கம்பத்தின் பக்கம் இருக்க வேண்டும். சரி. கொடியைத் திருப்பினால்? கதிர் இந்தப் பக்கம், சக்கரம் அந்தப் பக்கம் என்று எல்லாம் இடம் மாறித் தெரியும். அப்படி மாறக்கூடாது என்று இரு பக்கமும் தனித்தனியாக அமைத்தால், பின்பக்கத்தில் சக்கரம் கம்பத்தைவிட்டு ஓரத்துக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது. வெறும் சக்கரம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சக்கரம் சக்கரம்தான்!

காஞ்சியில் தறியில் உட்காரும் எந்தப் பெரியவரிடம் காட்டியிருந்தாலும் முதல் கேள்வியாக, "அது சரி தம்பி, மறுபக்கம் எப்படி இருக்கும்?" என்றுதான் கேட்டிருப்பார். துணிக்கு எப்போதும் இரண்டு பக்கம். புடவையின் பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் புட்டாவின் பின்னால் ஜரிகை எப்படி ஓடினாலும் மன்னித்துவிடுவார்கள். கொடி காற்றில் ஆடும் துணி. பாதிப் பேர் அதன் மறுபக்கத்தைத்தான் பார்ப்பார்கள். காகிதத்தில் வரைகிறவனுக்குக் காகிதத்தின் ஒரு பக்கம்தான் கண்ணில் படுகிறது. இந்தக் குறையைக் கண்டுபிடிக்க இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது!

சபையில் அன்று எச்.வி.காமத் ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். சக்கரத்துக்குள்ளே ஸ்வஸ்திகா சேர்க்க வேண்டும் என்று. கொடியை நேரில் பார்த்ததும் அதற்கு மேல் எதையும் திணிக்க முடியாது என்று உணர்ந்து அவரே விட்டுவிட்டார். கருத்துச் சொல்கிறவர்களில் இப்படி ஒரு ஜாதி உண்டு. பார்த்தபின் மனசை மாற்றிக்கொள்ளும் ஜாதி. அபூர்வம்! ராதாகிருஷ்ணன் பேசினார். ஆதிவாசிகளின் பிரதிநிதி ஜெய்பால் சிங், ஆங்கிலோ இந்தியர் பிராங்க் அந்தோணி, அசாமின் சாதுல்லா என்று ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் எழுந்து ஆதரித்தார்கள். முடிவில் சரோஜினி நாயுடு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தீர்மானம் நிறைவேறியது.

சபையில் இல்லாத ஒருவர் மட்டும் எழுந்து நிற்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் காந்திஜி வெளிப்படையாகவே சொன்னார். ராட்டை இல்லாத கொடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வணங்கமாட்டேன் என்று! கொடி என்ற எண்ணத்தையே கொடுத்தவர் அந்த ராட்டையை நினைத்துத்தான் கொடுத்தார். குடிசையில் நூற்கிற கிழவிக்கும் இந்த நாட்டில் இடம் உண்டு என்பதுதான் அவருக்குக் கொடி. புதுச் சக்கரத்தை ராட்டையின் சக்கரமாகப் பார்ப்பவர்களும் இருப்பார்கள், வேறு விதமாகப் பார்ப்பவர்களும் இருப்பார்கள் என்று எழுதினார். நேருவும் சபையில் இரண்டையும் சேர்த்தேதான் சொல்லியிருந்தார். சக்கரம் ராட்டையினுடையதும்தான், அசோகருடையதும்தான் என்று.

யார் சொன்னது சரி? டிசைனராக இருந்தால் நேரு பக்கம் நிற்பேன். நூற்பவனாக இருந்திருந்தால்... தெரியவில்லை. கிழவரின் கோபம் கலை பற்றியது இல்லையே! படத்திலிருந்து எடுத்தால் பிறகு துணியிலிருந்தும் எடுத்துவிடுவீர்கள் என்ற பயம் அதில் இருக்கிறது. பயம் பொய்யா? கொடி என்றால் கையால் நூற்று, கையால் நெய்த துணி என்ற விதி 2021 டிசம்பர் 30 வரை நின்றது. அன்று கொடிச் சட்டத்தைத் திருத்தி பாலியஸ்டருக்கும் இயந்திரத்துக்கும் வழி திறந்தார்கள். மறு வருஷம் வீட்டுக்கு வீடு கொடி பறந்தபோது, ஹூப்ளியில் கதர்க் கொடி தயாரிக்கும் மையத்துக்காரர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.

(சென்னைப் பக்கம் வந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். 1947 ஆகஸ்டு 15 காலையில் கோட்டையில் ஏற்றிய கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பட்டு!)

கொடி முடிந்தது. அடுத்து மாகாணத்துக்கு ஒரு சின்னம் வேண்டுமே! சென்னையில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமர். (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) அரசுச் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணராவ், மதுரைக்காரர். அசோகர் தூணின் சிங்கங்கள், இருபுறமும் தேசியக் கொடி, பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரம்.

உடனே கேள்வி வந்தது. மதச்சார்பற்ற அரசாங்கத்துக்குக் கோயில் கோபுரம் எப்படி? நியாயமான கேள்வி. கோபுரம் மதச் சின்னமாக நிற்கவில்லை, இந்த மண்ணின் கட்டடக் கலையாக நிற்கிறது என்பது பதில். கோபுரம் நின்றது.

அது எந்த ஊர்க் கோபுரம் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார்கள். ஓவியர் தம் ஊர் மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தைத்தான் வரைந்தார் என்பார்கள் மதுரைக்காரர்கள். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ராஜகோபுரத்தை ஏகாம்பரநாதர் கோயிலில் வைத்துக்கொண்டு, சேலையின் கரையில்கூடக் கோபுரம் நெய்கிற காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்தப் போட்டியில் சேரவே இல்லை. அவர்கள் பெருந்தன்மை!

ஆனால், காஞ்சிக்காரர் ஒருவர் கையில்தான் அந்தச் சின்னம் கடைசியில் வந்து சேர்ந்தது. 1967 மார்ச் 6. 1925-ல் பதினாறு வயதுப் பையனாக இருந்த அதே அண்ணாதுரை முதலமைச்சராகப் பதவியேற்கிறார். பெரியாரின் மாணவர். 1953-ல் நெசவாளர்களுக்காகக் கைத்தறித் துணியைச் சுமந்து தெருவில் விற்றவர். பகுத்தறிவுக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. கோபுரம் காலி என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள் இல்லையா?

அண்ணா கோபுரத்தைத் தொடவில்லை. அடியில் இருந்த எழுத்தை மாற்றினார். 'சத்யமேவ ஜயதே' போய் 'வாய்மையே வெல்லும்' வந்தது. முண்டக உபநிஷதத்தின் வாசகம்தான், அர்த்தம் அதேதான். மொழி மட்டும் மாறியது. 'உண்மை' என்று போடாமல் 'வாய்மை' என்று போட்டதையும் கவனியுங்கள். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பு அது. ஒரே வார்த்தையில் வள்ளுவரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்!

கோபுரத்தை ஏன் விட்டுவைத்தார்? என் ஊகம் இதுதான். கோபுரத்தைப் பார்த்து, "இது எங்களுடையது இல்லை" என்று சொல்லும் கூட்டம் தமிழ்நாட்டில் சிறியது. கோயிலுக்குள் போகாதவன்கூட தூரத்தில் கோபுரத்தைப் பார்த்துத்தான் தன் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறான். கீழே இருந்த எழுத்து வேறு. அதைப் பெரும்பாலோரால் படிக்கவே முடியவில்லை. படிக்க முடியாததை மாற்றினார்.

அதே சுருக்கில் பெயரையும் பிடித்தார். 'சென்னை ராஜ்யம்' என்பதைத் 'தமிழ்நாடு' ஆக்கு என்று கேட்டு, 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் பட்டினி கிடந்து உயிரைவிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 13. அப்போது கேட்பாரில்லை. 1963-ல் மேற்கு வங்கத்து பூபேஷ் குப்தா இதே கோரிக்கையோடு ராஜ்யசபாவில் மசோதா கொண்டுவந்தபோது, பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்கப்பட்டது. உறுப்பினராக இருந்த அண்ணா திருப்பிக் கேட்டார். பார்லிமென்ட்டை லோக்சபா என்கிறீர்கள், பிரசிடென்ட்டை ராஷ்டிரபதி என்கிறீர்கள், அதில் என்ன லாபம் கண்டீர்கள் என்று! மசோதா தோற்றது. கேள்வி தோற்கவில்லை.

1967 ஜூலை 18. சட்டமன்றத்தில் அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார். இந்த முறை எதிர்ப்பே இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3-ம் தேதி அண்ணா மறைந்தார். தான் வைத்த பெயருள்ள மாநிலத்தில் அவர் வாழ்ந்தது இருபதே நாள்.

சின்னத்தின் மேல் வளைவில் இன்று 'தமிழ்நாடு அரசு', கீழ் வளைவில் 'வாய்மையே வெல்லும்'. நடுவில் கோபுரம் அப்படியே இருக்கிறது.